தீராத் துயரும் பதினொரு பாடல்களும்

துயரக் காட்சியைக் கண்டு மனிதர் ஏன் இன்புறுகின்றனர்? தம் வாழ்வில் நேர்ந்துவிடலாகாது என்று அஞ்சும் துன்பத்தையே, பிறர் மேடையில் நடிக்கக் காணும்போது ஏன் விரும்பிச் சுவைக்கின்றனர்? இவ்வினாவை எழுப்பியவர் புனித அகுஸ்தினார். கார்த்தேஜ் நகரில் மாணவராயிருந்த நாள்களில் நாடக அரங்குகளில் தாம் சிந்திய கண்ணீரைப் பின்னாளில் நினைந்து, தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதனைக் கேட்கிறார். அரங்கில் அமர்ந்திருப்பவன் எவருக்கும் உதவ அழைக்கப்படுவதில்லை. வருந்த மட்டுமே அழைக்கப்படுகிறான். உதவிக்கு இட்டுச் செல்லாத இரக்கம் உண்மையில் இரக்கமாகுமோ என்பது அவரது ஐயம்.

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்சின் 'கேரி அண்டு லோவெல்' என்னும் பாடல் தொகுப்பையும், அதன்மேல் கேட்போர் வைத்துள்ள அன்பையும் எண்ணும்போதெல்லாம் இந்த ஐயம் நம் முன் வந்து நிற்கிறது. 2015ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் வெளிவந்த இத்தொகுப்பில் பதினொரு பாடல்கள் உள்ளன. முக்கால் மணி நேரத்திற்குள் கேட்டு முடித்துவிடலாம். பெரும் இசை நிறுவனங்களைச் சாராது, கித்தாரையும் பேஞ்சோவையும் மெல்லிய குரலையும் நம்பி வாழும் 'இண்டி ஃபோக்' இசை வகையைச் சேர்ந்தது இது. ஆரவாரம் சிறிதுமற்ற இத்தொகுப்பு, வெளியான உடனே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுள் ஒன்றைப் பெற்றது. பெற்றோரை இழந்தோரும், இழக்குமுன்பே பிரிந்தோரும் இதனைத் தம் துணையாகக் கொண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்த அன்பு தணியவில்லை.

தாயின் பெயரும் தந்தையல்லாதவர் பெயரும்

தலைப்பிலுள்ள இருவருள் கேரி, பாடகரின் தாய். மனநோயாலும் மதுப்பழக்கத்தாலும் அலைக்கழிக்கப்பட்ட அப்பெண், மகனுக்கு ஒரு வயதாகியிருந்தபோது குடும்பத்தைவிட்டுச் சென்றார். பிள்ளைகள் மிச்சிகன் மாநிலத்தில் தந்தையிடம் வளர்ந்தனர். பின்னர் கேரி, லோவெல் பிராம்ஸ் என்பவரை மணந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் சில கோடை விடுமுறைகளைப் பிள்ளைகள் ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் தாயுடன் கழித்தனர். மகனுக்குத் தாயைப் பற்றிய நினைவுகளில் பெரும்பகுதி அந்தச் சில கோடைகளுக்குள் அடங்கிவிடுகிறது. மணவாழ்வு முறிந்தபின் தாய் மீண்டும் விலகிப் போனார். லோவெல் விலகவில்லை. சிறுவனுக்கு இசையை அறிமுகப்படுத்திய அவர், பிற்காலத்தில் அவனோடு சேர்ந்து ஓர் இசைப்பதிவு நிறுவனத்தையே தோற்றுவித்தார். இத்தொகுப்பும் அந்நிறுவனத்தின் வெளியீடே.

2012 டிசம்பரில் கேரி இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். மகன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று இறுதி நேரத்தில் தாயைக் கண்டார். அதன்பின் பிறந்தவை இப்பாடல்கள். முன்னர், 2005இல், ஒரு மாநிலத்தின் வரலாற்றையே பொருளாக்கிப் பல இசைக்கருவிகள் முழங்கப் பாடியவர் அவர். 2010இல் மின்னணு ஒலிகளைக் கொண்டு பேரோசை எழுப்பியவரும் அவரே. அத்தகையவர் இம்முறை தாளக் கருவிகளை ஏறத்தாழ முற்றிலும் விலக்கினார். சில பகுதிகளை ஓரிகனில் ஒரு விடுதி அறையில் அமர்ந்து ஐபோனிலேயே பதிவு செய்தார். புனித யோவானின் பெயரைத் தாங்கிய பாடலின் இறுதியில் அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஒலி கேட்கிறது. அதனை நீக்காமல் விட்டிருக்கிறார். பாடகர் நம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பது போன்ற நெருக்கம் இவற்றால் உண்டாகிறது.

முதலிலேயே வந்த மன்னிப்பு

தாயைப் போற்றும் பாடல்கள் எம்மொழியிலும் ஏராளம். ஆனால், தாய் இருந்தும் தாயின்றி வளர்ந்தவர் எந்தப் பாடலைப் பாடுவது? தாயன்பின் பெருமை பேசப்படும் அவைகளில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். அவருக்குரிய துயரம் இருமடங்கு. இறந்தவரை இழந்த துயரம் ஒன்று. ஒருபோதும் பெறாததை இனிப் பெறவே இயலாது என்னும் துயரம் மற்றொன்று. இரண்டாவதற்கு இரங்கற் கூட்டங்களில் இடமில்லை. இத்தொகுப்பு அதற்கு இடமளித்தது. கேட்போரின் அன்பிற்கு முதற் காரணம் இதுவே எனலாம்.

இதன் அமைப்பில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாயை மன்னிக்கும் சொல் முதற் பாடலிலேயே வந்துவிடுகிறது. வழக்கமான கதையாயின் அது இறுதியில் வந்திருக்கும். கசப்பில் தொடங்கி, போராட்டத்தைக் கடந்து, மன்னிப்பில் நிறைவெய்தியிருக்கும். இங்கோ, மன்னித்த பின்னரும் பத்துப் பாடல்கள் எஞ்சியுள்ளன. மன்னிப்பு துயரத்தை முடித்துவிடுவதில்லை என்னும் உண்மையை இவ்வரிசை சொல்லாமற் சொல்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தைப் பெற்று வெளியே வந்தபின்னும் காயம் வலிக்கக் கண்டவர்க்கு இது புதிதன்று.

சிறு செய்திகளில்தான் இப்பாடல்களின் உயிர் இருக்கிறது. மூன்று நான்கு வயதில் ஒளிநாடாக் கடையொன்றில் தாய் தன்னை விட்டுச் சென்றதை ஒரு பாடல் நினைவுகூர்கிறது. அதே பாடல் பாதியில் திரும்பி, இசை ஒளிபெற்று, தம் உடன்பிறந்தவருக்குப் பிறந்த பெண் குழந்தையின் முகத்தில் வந்து நிற்கிறது. நீச்சல் பழகிய நாள்களையும், தம் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஆசிரியரையும் மற்றொரு பாடல் பேசுகிறது. தாயைப் பற்றிய பெரிய நினைவுகள் இல்லாதவனுக்குக் கையிலுள்ள சில்லறைகளை எண்ணிப் பார்ப்பதன்றி வேறு வழியேது?

தொகுப்பின் நடுவில் வரும் 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்னும் பாடல், இறக்கும் தாயும் மகனும் உரையாடுவதாக அமைந்தது. சிறு உயிர்களின் பெயர்களால் கொஞ்சி அழைத்து, மகனின் கண்ணீரைத் தாயே துடைக்க முயல்கிறாள். மரணம் அனைவர்க்கும் பொது என்னும் எளிய சொல் திரும்பத் திரும்ப ஒலித்து அப்பாடல் முடிகிறது. கேட்போர் பெரிதும் விரும்பும் பாடல் இது. எனினும் திறனாய்வாளன் இங்கே ஒரு வினாவைக் கேட்டாக வேண்டும். அத்தாயின் சொற்கள் யாருடையவை? மகன் எழுதிக்கொண்டவை. தன்னைத் தேற்றாத தாயைத் தேற்றுபவளாக அவர் படைத்துக்கொண்டார். கேரி என்னும் பெண் தன் நோயோடு எவ்வாறு போராடினார், பிள்ளைகளைப் பிரிந்த இரவுகளை எவ்வாறு கழித்தார் என்பதையெல்லாம் இத்தொகுப்பு நமக்குக் காட்டவில்லை. மகனின் நோக்கில் அவர் தொலைவிலேயே நின்றுவிடுகிறார். குரலும் சில இடங்களில் அளவுக்கு மீறி இனிமையாகி, துன்பத்தின் கூர்மையை மழுங்கச் செய்கிறது. இவை இத்தொகுப்பின் குறைகள்.

சிலுவையின் நிழலில்

விவிலியச் சொற்களும் உருவங்களும் இப்பாடல்களில் நிறைந்துள்ளன. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நெருங்கும் வேளையில் தன்னைத் தடுத்து நிறுத்துவது எது என்று ஒரு பாடல் தேடுகிறது. வியப்பையும் நம்பிக்கையையும் பற்றிக்கொள்கிறது. சிலுவையின் நிழலிலும் இளைப்பாறல் கிட்டவில்லை என்று பத்தாம் பாடல் முறையிடுகிறது. அதில் ஒலிக்கும் கொச்சைச் சொல்லொன்று நம் செவியை உறுத்தும். இதனை இறைநிந்தை என்று ஒதுக்கிவிட வேண்டுமோ? 88ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. இறுதியில் புகழ்ச்சியோ நன்றியோ இல்லை. ஆயினும் அது இறைவனை நோக்கிப் பேசுகிறது. அதனாலேயே அது மன்றாட்டு. திருச்சபை அதனைத் தன் திருப்புகழ்மாலையில் இன்றும் சொல்லி வருகிறது. ஸ்டீவன்சின் முறையீடும் சிலுவைக்கு அருகில் நின்றே எழுகிறது. அதைவிட்டு ஓடிப்போனவரின் குரலாக அது ஒலிக்கவில்லை.

படைத்தவரின் நாணம்

2025இல் இத்தொகுப்பின் பத்தாண்டு நிறைவுப் பதிப்பு, குடும்பப் படங்களோடும் பாடகரின் கட்டுரையோடும் வெளிவந்தது. அவ்வேளையில் அவர் கூறியது பலரைத் திகைக்க வைத்தது. இத்தொகுப்பை எண்ணி நாணுவதாகவும், கலை முயற்சி என்னும் வகையில் இதனைத் தோல்வியாகவே கருதுவதாகவும் அவர் தெரிவித்தார். பொருளற்றதற்குப் பொருள் காண முயன்றதாகவும், குழப்பத்திலிருந்து அழகைப் படைக்கும் தம் வழக்கமான முறை தம்மைக் கைவிட்டதாகவும், தம்மையே மையமாக்கிக் கொண்டதாகவும் அவர் தம்மீதே குற்றஞ்சாட்டினார்.

படைத்தவர் தோல்வி என்பதைக் கேட்டவர் ஏன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர்? இருவரும் ஒன்றையே கண்டனர் என்பது என் துணிபு. முடிவு காண முயன்று, முடிவு கிட்டாத நிலை இப்பாடல்களில் பதிவாகியுள்ளது. கலைஞருக்கு அது தோல்வி. தாமும் முடிவு காணாத கேட்போருக்கோ அது தோழமை. பல பாடல்கள் சொற்கள் தீர்ந்த பின்னும் பொருளற்ற ஒலியலையாக நீண்டு தேய்கின்றன. சொல் நின்றபின் துயரம் எவ்வாறு தொடருமோ அவ்வாறே.

மீண்டும் அகுஸ்தினாரிடம் வருவோம். 387இல் ஓஸ்தியா துறைமுக நகரில் தாய் மோனிக்கா இறந்தபோது அவர் அழுகையை அடக்கிக்கொண்டார். நம்பிக்கையுள்ளவன் அழலாகாது என எண்ணினார். நாள் கழிந்து தனிமையில்தான் அவர் கண்ணீர் உடைந்தது. தம்மை வாழ்நாளெல்லாம் எண்ணி அழுத தாய்க்காகத் தாம் சிறிது நேரம் அழுததைக் குற்றமெனக் காண்பவர் நகைக்க வேண்டாம், தமக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்று எழுதினார். அவர் தாய் கடல் கடந்தும் மகனைப் பின்தொடர்ந்தவர். கேரியோ விலகிச் சென்றவர். ஆனால், அழுததற்காக நாணிய மகன்கள் இருவரும் ஒத்தவர்களே.

நாடகக் கண்ணீரைக் கண்டித்த அதே அகுஸ்தினார் தம் கண்ணீரை உலகறிய எழுதி வைத்தது ஏன்? வாசிப்போர் தம் பெற்றோரைத் திருப்பலியின்போது நினைவுகூர வேண்டும் என்று அவரே அங்கு வேண்டுகிறார். கண்ணீர் ஒரு செயலாக மாறுகிறது. இத்தொகுப்பின் மீதுள்ள அன்பையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். மாலை நேரத்து இனிய சோகத்திற்காக மட்டும் இதனைக் கேட்பவர், கார்த்தேஜ் அரங்கின் பார்வையாளரே. ஸ்டீவன்சின் தாயைக் கேட்டுவிட்டுத் தம் தாயின் பழைய படத்தைத் தேடி எடுப்பவரும், ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருந்த ஒருவருக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுப்பவரும், தம்மைக் கைவிட்டவரின் பெயரை முதன்முறையாகச் செபத்தில் சொல்பவரும் அரங்கைவிட்டு எழுந்து வந்துவிட்டவர்கள்.

தலைப்பில் தாயின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது விலகாமல் நின்ற லோவெலின் பெயர். 2020இல் அவரும் ஸ்டீவன்சும் இணைந்து ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். பாடல்களில் கிட்டாத ஆறுதலின் ஒரு பகுதி, தலைப்பிலேயே அமைதியாக அமர்ந்திருந்தது போலும்.