இரவல் குரல்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. அங்கே உழைக்கும் இளைஞர் சிலரின் சிறுகதைகள் நம் கைக்கு வந்தன. படித்தோம், மகிழ்ந்தோம், கூடவே வருந்தினோம்.

ஏன் வருத்தம்? கன்வேயர் அருகே நிற்கும் தொழிலாளி, மேடைப் பேச்சாளர்போல் அடுக்குமொழியில் முழங்குகிறான்! விடுதி அறையில் நெருக்கியடித்து உறங்கும் பெண், திரைப்பட நாயகிபோல் நிலவிடம் முறையிடுகிறாள்! அடுக்குமொழி நமக்கும் இனிப்பதே. அதற்காக மேடையை ஆலைக்குள் தூக்கிச் செல்வதா? பிறர் அறிவுக்கு அடிமையாகோம் என்று சூளுரைத்தவர், பிறர் நடைக்கு அடிமையாவது தன்மானமா?

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) புதினத்தைப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், தன் மண்ணின் பேச்சிலேயே பேசுகிறாள், புலம்புகிறாள். ஆசிரியர் அவள் வாயில் சொற்பொழிவைத் திணிக்கவில்லை. அதனாலன்றோ அவள் துயரம் நம்மைச் சுடுகிறது!

உங்கள் வட்டாரத்தில் கதைக்கா பஞ்சம், தோழர்களே? 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றது. 2024இல் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கணக்கைச் செய்தித்தாள் சொல்லிற்று. வேலை போன அன்று ஒருத்தி தன் தாயிடம் தொலைபேசியில் என்ன சொன்னாள்? எதைச் சொல்லாமல் விழுங்கினாள்? அதைக் கதைதான் சொல்ல முடியும். அருகிருந்தவர் எழுதினால்தான் அது உயிர்பெறும்.

எழுதியதை ஷிப்ட் தோழரிடம் உரக்கப் படியுங்கள். “நாம இப்படியா பேசுறோம்?” என்று அவர் சிரித்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். எஞ்சுவதே உங்கள் குரல்.