இடிக்கு முன்னே வந்த மின்னல்

1980இல் வந்த மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு வீடியோ. ஒரு ராக் குழு லண்டனில் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறது. கையில் துப்பாக்கி கிடையாது, கிடார்தான். அதன் சத்தம் தாங்காமல் வங்கியில் இருந்தவர்கள் சுருண்டு விழுகிறார்கள். காவலாளியோ வேலையை மறந்து, தானும் கிடார் வாசிப்பதுபோல் ஆடத் தொடங்குகிறார். பெட்டகத்தை உடைத்து எடுப்பது பணத்தை அல்ல, ஒரு தங்க இசைத்தட்டை. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'பிரேக்கிங் தி லா' அது. இயக்கியவர் ஜூலியன் டெம்பிள். செலவு அதிகம் ஆகவில்லை என்பது பார்த்தாலே தெரியும், இன்று சிரிப்பும் வரும். ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஹெவி மெட்டல் வீடியோக்கள் பிடித்துக்கொண்டு போன கயிறு அதில் இருக்கிறது: கிடார் ஓர் ஆயுதம், சட்டம் ஒரு கேலிப்பொருள், பாட்டு ஒரு குட்டிச் சினிமா.

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது, நாள் முழுக்க ஓட்டுவதற்குப் போதிய வீடியோக்கள் அதனிடம் இல்லை. வானொலி பெரிதாகக் கண்டுகொள்ளாத மெட்டல் குழுக்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அயர்ன் மெய்டன் 1982இல் 'ரன் டு தி ஹில்ஸ்' பாட்டுக்குப் பழைய ஊமைப்படக் கௌபாய் நகைச்சுவைக் காட்சிகளை வெட்டி ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே குவயட் ரயட் குழுவின் 'மெட்டல் ஹெல்த்' பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு மெட்டல் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

1984இல் ட்விஸ்டட் சிஸ்டரின் 'வீ ஆர் நாட் கோன்னா டேக் இட்'. மகனின் அறைக்குள் புகுந்து கத்தித் தீர்க்கிற அப்பா, மகனின் கிடார் சத்தத்தில் ஜன்னல் வழியே பறந்து போய் விழுகிறார். மார்ட்டி கால்னர் இயக்கிய இந்தக் கூத்தை அமெரிக்கப் பெற்றோர் அமைப்பொன்று வன்முறை என்றது. 1985 செப்டம்பரில் அந்தப் புகார்களை விசாரித்த செனட் குழு முன்னால் பாடகர் டீ ஸ்னைடர் நீண்ட தலைமுடியோடு போய் உட்கார்ந்து, தெளிவாக வாதாடினார். நம் வீடுகளில் 'படிக்கிற வேலையைப் பாரு' என்று விழும் திட்டுக்கும் அந்த அப்பாவின் கத்தலுக்கும் வித்தியாசம் குறைவு. அந்த வீடியோ எந்த ஊரிலும் புரிந்ததற்கு அதுவே காரணம்.

மெட்டாலிகா மட்டும் வீடியோவே வேண்டாம் என்று பல ஆண்டுகள் ஒதுங்கி நின்றது. 1989இல் 'ஒன்' வந்தபோது அதில் விளையாட்டு எதுவும் இல்லை. போரில் கைகால், கண், காது எல்லாம் இழந்த சிப்பாயைப் பற்றி டால்டன் டிரம்போ எடுத்த 1971ஆம் ஆண்டுப் படத்தின் காட்சிகளும் குழு வாசிக்கும் கறுப்புவெள்ளைக் காட்சிகளும் மாறி மாறி வந்தன. மெட்டல் வீடியோ வயதுக்கு வந்தது அப்போதுதான்.

இந்தியாவுக்கு இவையெல்லாம் தாமதமாக வந்தன. 1991இல் ஸ்டார் டிவியோடு எம்டிவி ஏசியா வானிலிருந்து இறங்கியது. இருவரும் பிரிந்த 1994இல் சேனல் வி முளைத்தது. எம்டிவி 1996இல் இந்தியாவுக்கெனத் தனிச் சேனலாகத் திரும்பியது. மும்பையின் ராக் மெஷின் குழு 1993இல் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அந்த அலையில் தன் வீடியோக்களை ஏற்றியது. அதே ஆண்டு அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழைத் தொடங்கினார். மெட்டல் வேர்விட்டது பெங்களூரிலும் மும்பையிலும் வடகிழக்கிலும் பெரிய கல்லூரிகளின் விழா மேடைகளிலும்தான். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா என இருவரும் வாசித்தது பெங்களூர் அரண்மனை மைதானத்தில். சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு 2009இல் ஸ்வீடனின் ஓபெத் வந்தது தமிழ்நாட்டு ரசிகர்களுக்குப் பெரிய செய்தி.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கதை வேறு. அங்கே டிவியில் பாட்டு என்றால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', பிறகு கேபிள்காரர் கொடுத்த சன் டிவி. ஆங்கிலப் பாட்டுச் சேனல் வந்த வீடுகளிலும், ரிமோட் அதைக் கடந்து போக அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனால் அந்தச் சேனலின் காட்சிமொழி வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது: சினிமாப் பாட்டு. புகை, பின்னொளி, கீழிருந்து மேலே பார்க்கும் கேமரா, தாளத்துக்குத் தாளம் வெட்டும் எடிட்டிங். எல்லாவற்றையும் எம்டிவி கணக்கில் எழுதிவிட முடியாது. பி.சி. ஸ்ரீராம் 'அக்னி நட்சத்திரம்' எடுத்த 1988இல் இங்கே செயற்கைக்கோள் டிவியே இல்லை. அதற்கும் முன்னால், 1979இன் 'நினைத்தாலே இனிக்கும்' படத்திலேயே கமலும் ரஜினியும் சிங்கப்பூர் போகும் இசைக்குழுக்காரர்கள். ஆனாலும் 1990களுக்குப் பின் வந்த நாயகன் அறிமுகப் பாட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால், தலை குனிந்து நிற்கும் உருவம், நெருப்பு, கரகரக்கும் கிடார் என்று மெட்டல் வீடியோவின் சாயல் துலக்கமாகத் தெரியும். மெட்டல் என்ற பெயரையே கேட்டிராத ரசிகர் அதற்கு விசிலடித்தார். இசை வரவில்லை, அதன் தோற்றம் வந்துவிட்டது.

இசையையே முழுதாக எடுத்துக்கொண்ட தமிழர்களும் உண்டு. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழுவில் பாடி, பேஸ் கிடார் வாசிப்பவர் கதிர். சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் டெத் மெட்டல் உறுமலில் ஏற்றி, 'வேத மெட்டல்' என்று தங்கள் இசைக்குப் பெயரிட்டார்கள். 'குருக்ஷேத்ரா', 'பிரம்மவித்யா' என்பன அவர்களின் ஆல்பங்கள். மேற்கத்தியக் குழுக்கள் சாத்தானையும் வைக்கிங்குகளையும் வைத்து நிரப்பிய இடத்தில் இவர்கள் கீதையை வைத்தார்கள். அந்தத் தேர்வு எல்லாருக்கும் உவப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நகலெடுப்பவர்களின் வேலை அல்ல அது.

டிவியின் இடத்தை யூடியூப் பிடித்த பிறகு டெல்லியின் பிளட்டிவுட், வீடியோவால் பெயரெடுக்கும் பழைய வித்தையைப் புதிதாகச் செய்துகாட்டியது. பாப் பாட்டுகளை மெட்டலாக மாற்றிக் கேலி செய்து தொடங்கிய குழு, தோல் மேளமும் ஹிந்தி, பஞ்சாபி வரிகளும் சேர்ந்த வீடியோக்களின் பலத்தில் 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையேறியது. தமிழில் அந்த அளவுக்குப் பரவிய மெட்டல் வீடியோ ஒன்றைச் சொல்வது கடினம். தோல் கருவிக்கா நமக்குப் பஞ்சம்? பாட்டைப் படமாக்கும் பணமும் திறமையும் சினிமாவிடமே குவிந்து கிடப்பதுதான் சிக்கல். தனிக்குழு தன் கைக்காசில்தான் கேமராவை வாடகைக்கு எடுக்க வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மெட்டல் குழு அல்ல. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த கூட்டம். ஆனால் பறையும் மின்கிடாரும் ஒரே மேடையில் நின்றன. அதைச் சாத்தியமாக்கிய இயக்குநர் பா. ரஞ்சித்தும் சினிமாவிலிருந்து வந்தவர்தான்.