சாய்ந்த வெளிச்சத்தில் 1155 பின்கள்

செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு வாங்கத் தெரிந்தவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் பிராசஸர் சாக்கெட்டைத் திறந்து பார்ப்பார்கள். போர்டை விளக்குக்கு எதிரே சாய்த்து, நான்கு பக்கமும் மெல்லத் திருப்புவார்கள். பட்டுப்புடவையில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்க்கிற அதே சாய்ப்பு. பின்கள் ஒழுங்காக இருந்தால் முனைகள் எல்லாம் ஒரே கோணத்தில் மின்னும். ஒன்று விலகினாலும் அந்த இடத்தில் ஒரு கரும்புள்ளியோ வேண்டாத மினுக்கோ தெரியும். நேர் மேலிருந்து லென்ஸ் வைத்துத் தேடினால் பல சமயம் இது அகப்படாது.

இந்த வேலையில் கையைவிடக் கண்ணுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி. ஊசி நுனியால் பின்னை நிமிர்த்தும் கணத்தைத்தான் எல்லோரும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். நடுங்காத கை பழகினால் வந்துவிடும். பின் எப்படி மடங்கியது என்று படிப்பதுதான் கடினம். ஒரு வரிசை முழுக்க ஒரே பக்கம் படுத்திருந்தால், பிராசஸரை வைக்கும்போது யாரோ வழுக்கவிட்டிருக்கிறார். ஒற்றைப் பின் மட்டும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால், தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்த துணியின் நூல் அதைப் பிடித்து இழுத்திருக்கும். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும் என்பதால் இந்தத் துப்பறிதல் வீண்வேலை இல்லை.

2004-இல் இன்டெல் எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவருவதற்கு முன், அதன் மேசைக் கணினிகளில் பின்கள் பிராசஸரின் அடிவயிற்றில் இருந்தன. அவை நேர்க்கம்பிகள், வரிசைக்கு நடுவே பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து நகர்த்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அதில் ரசிக்க அதிகமில்லை. பிறகு பின்கள் போர்டுக்கு இடம் மாறின. 2022-இல் ஏஎம்டியும் ஏஎம்5 சாக்கெட்டில், 1718 பின்களோடு, இந்த வழிக்கு வந்துவிட்டது.

போர்டில் இருப்பவை நிமிர்ந்த கம்பிகள் அல்ல. தங்கப் பூச்சுக் கொண்ட சின்னஞ்சிறு ஸ்பிரிங் தகடுகள். சாய்வாக எழுந்து, பிராசஸர் அழுத்தும்போது தணிந்து கொடுக்க வேண்டியவை. அடுத்தடுத்த பின்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் தூரம். முனையின் இடம், சாய்வு, உயரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். இடம் சரியாகி உயரம் குறைந்துபோனால் பார்க்க அழகாக இருக்கும், டிஸ்ப்ளே வராது. முன்னும் பின்னும் வளைக்க வளைக்க உலோகம் இறுகி ஒடிந்தும் போகும். அதனால் நல்ல வேலைக்காரர் குறைவாகத் தொடுகிறார். கொஞ்சம் கோணலாக நின்றாலும் பிராசஸரின் தொடுபுள்ளிக்குள் முனை விழுமானால் விட்டுவிடுகிறார். எல்லாவற்றையும் கோடு போட்டதுபோல் அடுக்க நினைப்பவரிடம் என் போர்டைத் தரமாட்டேன்.

எதை விடலாம் என்பதற்கு வரைபடம் வேண்டும். எந்தப் பின் எதற்கு என்று இன்டெல்லே தன் ஆவணங்களில் வெளியிட்டிருக்கிறது. நம் பழைய சந்தைகளில் நிறையப் புழங்கும் எச்61 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1155 பின்கள், இரண்டு ராம் ஸ்லாட், ஒவ்வொன்றும் தனிச் சேனல். ஒரு ஸ்லாட்டில் மட்டும் ராம் தெரியவில்லை என்றால், அந்தச் சேனலுக்குரிய பகுதியை முதலில் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு 16 லேனுக்குப் பதில் 8 காட்டினால் தேட வேண்டிய இடம் வேறு. மின்சாரப் பின் கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே அதைப் பிரித்தாக வேண்டும்.

ஒடிந்தேவிட்டால்? பிஜிஏ மெஷினில் சாக்கெட்டையே பெயர்த்து மாற்றலாம்; ஈயமில்லா சால்டர் இளக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். திறமையான வேலைதான், ஆனால் பழைய எச்61-க்குக் கட்டுப்படியாகாது. தெரிந்தவர் வரைபடத்தைப் பார்ப்பார். கிரவுண்டுக்கும் மின்சாரத்துக்கும் ஏராளமான பின்கள் ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. போனது அவற்றில் ஒன்றென்றால் பெரும்பாலும் போர்டு ஓடும். ஒடிந்த துண்டு உள்ளே கிடந்து ஷார்ட் ஆகிவிடாமல் ட்வீசரால் எடுத்துப்போட்டு, பிராசஸரைப் பூட்டி, இரண்டு ஸ்லாட்டிலும் ராம் போட்டுப் பார்ப்பார். இரண்டும் தெரிந்தால், பின் ஒன்று இல்லை என்பதைச் சொல்லியே விலை பேசுவார்.