போடாத கையெழுத்து

அப்துல் கலாமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் கனவில் தொடங்கிக் கனவிலேயே முடித்துவிடுகிறோம். இன்ஜினியரிங் காலேஜ் சுவரிலும் ஆட்டோவின் முதுகிலும் வாட்ஸ்அப் காலை வணக்கத்திலும் அவர் கனவு காணச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சரி, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக என்ன செய்தார்? குழந்தைகளோடு பேசினார் என்பதைத் தாண்டி நம்மில் பலருக்குப் பதில் வராது.

கலாமை அளக்க அவரே ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். மறு வருடம் ஜூலை 18-ல் ராக்கெட் வென்றபோது, பேசச் சொல்லி கலாமை அனுப்பினார். மேடை மேடையாகக் கலாம் சொன்ன கதை இது. தலைவன் என்றால் பொறுப்பேற்பவன் என்பதுதான் அதன் சாரம்.

இந்த அளவுகோலோடு ஏலகிரி அடிவாரத்துக்கு வருவோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது ஜோலார்பேட்டை பேரறிவாளனுக்கு வயது 19. தூக்குத் தண்டனையை 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2000-ல் கருணை மனு டெல்லிக்குப் போனது. உள்துறை அமைச்சகம் ஐந்து வருடம் வைத்திருந்துவிட்டு, 2005 ஜூனில்தான் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. அதன்பின் இரண்டு வருடம் கலாம் அந்த மாளிகையில் இருந்தார். முடிவு எதுவும் வரவில்லை. 2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் மனுவை நிராகரித்தார்.

அமைச்சரவை சொல்வதைத்தானே குடியரசுத் தலைவர் செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். நிராகரிக்கச் சொல்லி வரும் பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். அதே பரிந்துரை மறுபடி வந்தால் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் காலக்கெடு கிடையாது. மனசாட்சி உறுத்துகிற ஒருவருக்கு, சும்மா இருப்பதே எதிர்ப்பைக் காட்டும் ஒரே வழியாக இருந்திருக்கலாம். அந்தத் தாமதமே பின்னால் உயிரையும் காப்பாற்றியது: மனுவை இவ்வளவு காலம் இழுத்தடித்ததைக் காரணம் காட்டித்தான் 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

ஆனால் அதைக் கலாமின் கருணைக் கணக்கில் எழுதிவிட முடியாது. இந்த வழக்கில் தாமதம் உயிரைக் காப்பாற்றும் என்று 2007-ல் யாருக்கு உறுதியாகத் தெரியும்? என்றைக்கு அழைப்பு வரும் என்று தெரியாமல் சிறையில் இருப்பதே தனித் தண்டனை. மகனுக்காக அலைந்துகொண்டிருந்த அற்புதம்மாளுக்கும் அதில் பங்கு உண்டு. நம்ம ஆபீஸில் 'பெண்டிங்' என்பது ஒரு நிறம், ஒரு கட்டம். அவர்களுக்கு அது வருடக் கணக்கு.

கலாமுக்கு இது தெரியாமல் இல்லை. 2012-ல் வந்த 'டர்னிங் பாயிண்ட்ஸ்' நூலில், மரண தண்டனை பற்றி முடிவெடுப்பது மிகக் கடினமான வேலைகளில் ஒன்றாக இருந்தது என்கிறார். நிலுவை வழக்குகளை ஆராயச் சொன்னபோது, அவற்றில் சமூக, பொருளாதாரப் பாரபட்சம் தெரிந்ததாம். 2015-ல் சட்ட ஆணையம் கேட்டபோது மரண தண்டனை ஒழிப்பை ஆதரித்தார். அதற்கு முன், 2004-ல், தனஞ்சய் சட்டர்ஜியின் மனுவை நிராகரித்தவரும் அவர்தான்.

அதே நூலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2005-ல் மாஸ்கோவில் இருந்தபடி பிகார் சட்டமன்றக் கலைப்புக்கு ஒப்புதல் கொடுத்தார். அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னதும் ராஜினாமா செய்யவும் யோசித்தார். போட்ட கையெழுத்துக்கு அவ்வளவு வருந்தியவர் அவர். போடாத கையெழுத்தும் ஒரு செயல்தான் என்பதை நாம்தான் அவரிடம் கேட்க மறந்துவிட்டோம்.

பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கலாமை நல்லவர் என்று சொல்வது சுலபம், அது உண்மையும்கூட. ஆனால் நல்லவர் ஒருவர் அதிகாரத்தில் உட்கார்ந்தும் ஒரு கோப்பு அப்படியே கிடந்தது. கனவு போஸ்டரைவிட நாம் அதிகம் படிக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.