விரல் நுனியில் நன்னூல்

பகலில் அலுவலகம், இரவில் எம்.ஏ. தமிழ். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு என்பது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கும் ஒரு குறுகலான நேரம். அந்த நேரத்துக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றையும் கைப்பேசியையும் பார்த்துப் பார்த்துச் சீர்செய்துகொள்ளும் வேலை இருக்கிறதே, அதன் இனிமையைத்தான் இங்கே பேசப்போகிறேன். பாடத்தைத் திறக்காமல் மென்பொருளை நோண்டிக்கொண்டிருப்பது சோம்பலுக்குப் போட்ட சட்டை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நேரம் தாராளமாக உள்ளவர் கண்ணில் கருவியின் அழகு படுவதில்லை. ஒரு விசை மிச்சமானாலும் மகிழ்ந்துபோகிற ஆளுக்குத்தான், அதைச் செய்தவரின் கைநயம் புலப்படும்.

முதலில் விசைப்பலகை. தமிழ்99 என்று பெயர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் வடிவம் பெற்று, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் மொழி அமைப்புக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். வந்ததும் உடனே எழுதத் தொடங்கிவிடாதீர்கள். எந்த எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இடக்கைப் பக்கம் பெரும்பாலும் உயிர்கள், வலக்கைப் பக்கம் மெய்கள். விரல்கள் இயல்பாகப் படியும் நடுவரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே அவற்றின் நெடில்கள்: அகரத்தின் தலைமேல் ஆ, இகரத்தின் தலைமேல் ஈ, உகரத்தின் தலைமேல் ஊ. குறிலிலிருந்து நெடிலுக்குப் போக விரல் ஒரு படி ஏறினால் போதும். குரல் நீள்வதையும் விரல் ஏறுவதையும் இப்படி இணைத்து வைத்தவர்களுக்கு மொழியும் தெரிந்திருக்கிறது, கையும் தெரிந்திருக்கிறது. வலப்புறம் அதே நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. தமிழில் எந்தப் பத்தியை எடுத்துப் பார்த்தாலும் ஓயாமல் வந்துபோகும் எழுத்துகள் இவை. அவற்றைத் தேடி விரல் எங்கும் அலைய வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் ரசிக்க வேண்டும். எந்த விசைப்பலகையிலும் ஆங்கில எஃப் விசையின்மேலும் ஜே விசையின்மேலும் சிறிய மேடு ஒன்று இருக்கும். பார்க்காமலே விரலுக்கு இடம் சொல்லும் மேடு அது. தமிழ்99இல் எஃப் விசையில் அமர்ந்திருப்பது புள்ளி. மெய்யின்மேல் வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு புள்ளியைத் தேடி இடக்கைச் சுட்டுவிரல் போனால், அங்கே தொட்டு உணர ஒரு புள்ளி காத்திருக்கிறது. திட்டமிட்டு அமைந்ததோ, தானாகப் பொருந்தியதோ, எப்படியிருந்தாலும் அழகு அழகுதான்.

அந்தப் புள்ளியையும் பல இடங்களில் நாம் வைக்கவே வேண்டியதில்லை என்பதில்தான் இந்த அமைப்பின் உச்சம். ‘அப்பா’ என்று எழுத வேண்டுமா? அ, ப, ப, ஆ. நான்கே விசை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்கிறது. ‘தங்கை’க்கு த, ங, க, ஐ. ‘பந்து’க்கு ப, ந, த, உ. ‘கன்று’க்கு க, ன, ற, உ. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் அங்கும் கணினியே புள்ளி வைத்துவிடுகிறது. உடனிலை மெய்ம்மயக்கம் என்றும் இனவெழுத்து என்றும் நன்னூல் பாடத்தில் நாம் உருப்போடுகிறோமே, அதே இலக்கணம்தான் இந்தப் பலகைக்குள் ஓசையில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. எழுத்தியலுக்குக் குறிப்பெடுக்கும் மாணவர், குறிப்பெடுக்கும் செயலிலேயே எழுத்தியலைப் பயில்கிறார். இதைவிட நயமான ஆசிரியர் இரவு பத்து மணிக்கு யாருக்குக் கிடைப்பார்?

புள்ளி வேண்டாத இடத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு மெய்களுக்கும் நடுவே அகரத்தை ஒருமுறை தட்டினால் புள்ளி விலகி நின்றுகொள்ளும். ‘மமதை’ எழுத வேண்டுமானால் ம, அ, ம, த, ஐ. மமதைக்கு மட்டும் ஒரு விசை கூடுதல் செலவு. பொருத்தமான அபராதம்.

விசையிலிருந்து திரைக்கு வருவோம். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவே ககரம். முன்னும் பின்னும் ஆள் நின்று தூக்கிப்போகும் பல்லக்கு மாதிரி. பழைய தட்டச்சுப் பொறியில் இதைக் கண் காணும் வரிசையிலேயே அடிக்க வேண்டும்: கொம்பு, பிறகு க, பிறகு கால். இப்போது க, அதன்பின் ஒ. நாக்கு சொல்லும் வரிசையில் இரண்டே தட்டு. ஒருங்குறியில் கணினி சேமித்து வைப்பதும் அந்த ஒலி வரிசையைத்தான். உயிர்க்குறியை உரிய இடங்களில் பிரித்து நிறுத்தி, கண்ணுக்கேற்ற உருவமாக்கித் தருவது எழுத்துருவும் அதை வரையும் நிரலும். ககரத்தை மட்டும் முதலில் தட்டி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஒகரத்தைத் தட்டிப் பாருங்கள். நின்றிருந்த க சற்றே வலப்புறம் ஒதுங்கிக் கொம்புக்கு இடம்விடும். அந்த ஒதுங்கலில் ஒரு பணிவு உண்டு. எழுத்துருவில் எனக்குப் பிடித்தது நோட்டோ செரிஃப் தமிழ். இலவசம்தான். தடிப்பும் மென்மையும் மாறி மாறி வரும் அதன் கோடுகள் நல்ல அச்சுப் புத்தகத்தின் களையைத் திரைக்குக் கொண்டுவருகின்றன. அளவை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக் கண்ணுக்கு அது மரியாதை.

அடுத்தது மனப்பாடத்துக்கான செயலி, ஆங்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாமே அட்டை எழுதிக்கொள்ளலாம். யாப்புப் பாடத்துக்கு ‘நிரை நேர்’ என்று முன்பக்கம், ‘புளிமா’ என்று பின்பக்கம். ‘நேர் நிரை’ என்றால் ‘கூவிளம்’. இதுவரை புதுமை ஒன்றுமில்லை. அட்டையில் எழுதிப் படிக்கும் வழக்கம் பழையது. விடையைப் பார்த்த பிறகு கீழே வரும் நான்கு பொத்தான்களில்தான் மனம் சிக்கிக்கொள்கிறது. மறந்துவிட்டது, சிரமப்பட்டேன், சரி, மிக எளிது என்ற பொருளில் நான்கு. ஒவ்வொன்றோடும் சிறிய எழுத்தில் ஒரு கால அளவு: இதை அழுத்தினால் 10 நிமிடத்தில் வருவேன், இதை அழுத்தினால் 4 நாள் கழித்து வருவேன் என்று அட்டை நம்மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நம் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முன் நம்மிடம் கேட்கும் மென்பொருள்கள் குறைவு. இது கேட்கிறது.

அந்தக் கால அளவுகளுக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885இல் நூலாக்கினார். நூறாண்டு கழித்துப் போலந்து மாணவர் பியோட்டர் வோஸ்னியாக், தம் சொந்தப் படிப்புக்காக அதைக் கணக்காக்கினார். 1987இல் அவர் வகுத்த முறையில், படித்ததை மறுபடி பார்ப்பதற்கான முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதன்பின் ஏறத்தாழ இரண்டரை மடங்காக 15, 38 என்று விரிந்துகொண்டே போகும். ஆங்கி வளர்ந்தது இந்தக் கணக்கின் வழியில்தான். இப்போது அதைவிட நுட்பமான கணக்கும் சேர்ந்திருக்கிறது. நன்றாகத் தெரிந்ததை ஆங்கி தொலைவில் வைக்கிறது. தடுமாறுவதை அருகில் வைக்கிறது. நினைவிலிருந்து நழுவப்போகும் தறுவாயில் ஒன்றை எடுத்து நீட்டுகிறது. சிற்றிலக்கிய வகைகளும் அகத்திணைக் கருப்பொருளும் அலுவலகப் பேருந்தில் கைப்பேசியில் வந்து போகின்றன; இரவு மடிக்கணினியைத் திறந்தால், காலையில் பேருந்தில் முடித்தவை அங்கும் முடிந்தவையாகவே இருக்கின்றன. இரண்டு கருவிகளுக்கும் நடுவே மாணவர் கணக்கெழுத வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்ததும் திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சள் கலக்கும் ‘இரவு ஒளி’ வசதியையும் போட்டுவையுங்கள். நம் ஊரின் சூரிய மறைவு நேரத்தைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ளும். சிறிய உபகாரம்தான்.

கடைசியாக, ஆய்வேடு எழுதும் பருவத்துக்கான ஜோட்டேரோ என்ற நூலடைவுச் செயலி. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் நடத்திய மையம் 2006இல் வெளியிட்டது. உலாவியின் மூலையில் அதன் பொத்தான் ஒன்று இருக்கும். அதன் உருவத்தைக் கவனியுங்கள்: நூல் ஒன்றின் பக்கத்துக்குப் போனால் குட்டிப் புத்தகமாகிறது, ஆய்வுக் கட்டுரைக்குப் போனால் தாளாகிறது, தேடல் பட்டியலுக்குப் போனால் கோப்புறையாகிறது. எதை எடுத்துக்கொள்ளப்போகிறது என்பதைத் தன் முகத்திலேயே காட்டிவிடுகிறது. அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் நூலடைவில் வந்து அமரும். நெறியாளர் சான்று காட்டும் முறையைச் சிகாகோவிலிருந்து எம்.எல்.ஏ.வுக்கு மாற்றச் சொன்னாலும் (தேர்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை) ஏடு முழுவதும் ஒரே தேர்வில் மாறிவிடும்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது, பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் ஒரு பொத்தான். மேலைநாட்டு வழக்கப்படி ஆசிரியர் பெயரை அது இரண்டு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கும்: குடும்பப்பெயர், முதற்பெயர். நமக்கேது குடும்பப்பெயர்? அந்தப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். உ.வே. சாமிநாதையரும் மு. வரதராசனும் நடுவில் காற்புள்ளி விழாமல், தலைப்பெழுத்து இடம் மாறாமல், தம் நூல்களின் அட்டையில் இருப்பதுபோலவே அடிக்குறிப்பிலும் முழுதாக நிற்பார்கள். முதல் நூலைச் சேர்க்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். நூறு நூல் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது இரவுநேர மாணவருக்குக் கட்டுப்படியாகாது.