குடவோலையும் தேர்தல் வரிசையும்

உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, வாக்குப் பெட்டியை உலகுக்கு வழங்கியவர் தமிழரே என்று மேடைதோறும் முழங்குகின்றோம். இப்பெருமை ஆராயத்தக்கது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் எழுந்த அக்கல்வெட்டுகள் கூறுவது வாக்களிப்பை அன்று, திருவுளச் சீட்டை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயர்களே குடத்துள் இடப்பெற்றன. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றெனக் கொள்வது மிகை.

ஆயினும் அதில் நாம் காணாது விட்ட நுட்பம் ஒன்று உண்டு. முப்பது குடும்புகளின் ஓலைக்கட்டுகளும் ஒரே குடத்தில் இருந்தன. ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனே கட்டை எடுத்தான். ஆகவே, எக்குடும்பு முந்தும் என்பதை எவரும் முன்னரே வகுத்துவைக்க இயலவில்லை.

முந்துவதில் என்ன இருக்கிறது என்பீர்களாயின், எங்கள் தோட்டப் பள்ளிகளைப் பாருங்கள். வகுப்புத் தலைவனைக் கையுயர்த்தித் தேர்ந்தால், முன்வரிசைக் கைகளைப் பார்த்தே பின்வரிசைக் கைகள் எழும். நாடுகளும் அவ்வாறே. அமெரிக்கக் கட்சிகள் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்கின்றன. 1976-இல் அயோவாவில் கார்ட்டரைவிட, எவர் பக்கமும் சேராதோரே மிகுதி. எனினும், வேட்பாளருள் முதல்வர் என்ற பெயர் அவருக்குப் பெருந்துணையாயிற்று. அத்தகைய முதன்மையை நியூ ஹாம்சயர் 1975-இல் சட்டமியற்றியே காத்துக்கொண்டது. 2024-இல் சனநாயகக் கட்சி தென் கரோலினாவை முன்னிறுத்தியபோதும், அது விட்டுக்கொடாமல் சனவரி 23-இலேயே வாக்கெடுத்தது.

நம் நாட்டில், 2008-இல் அம்னோவின் 191 தொகுதிகள் ஒரே நாளிலன்றி, ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் கூடித் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தன. போட்டியிட 58 முன்மொழிவுகள் வேண்டும். நஜிப் அவ்வெண்ணை இடையிலேயே கடந்தார். துங்கு ரசாலிக்குக் கிட்டியது ஒன்றே. பின்னர்க் கூடியோர் தகுதியை நோக்காது, வெல்பவரை நோக்கியிருப்பின் வியப்பென்ன? 2009-இல் அவ்வரம்பு நீக்கப்பெற்றது நன்றே. ஆயினும், வரிசையின் ஆற்றல் வரம்போடு போய்விடாது.

அனைவரும் ஒரே நாளில் வாக்களிக்கட்டும் என்பர் சிலர். அது பொருளும் புகழும் உடையாருக்கே வாய்ப்பாகும். எளியவன் சிறிய இடத்தில் தொடங்கி வளர வழியில்லை. வட்டாரங்கள் முறைவைத்துச் சுழலட்டும் என்பர் வேறு சிலர். முன்னரே அறிந்த சுழற்சிக்குப் பணம் முன்னரே போய்க் காத்திருக்கும். தேர்தலுக்குச் சில திங்கள் முன்னர்ச் சீட்டெடுத்து வரிசை காண்பதே நேரிய வழி. தொகுதிக் கூட்டங்களாயின், இறுதிக் கூட்டம் முடியும்வரை முடிவுகளை முத்திரையிட்டு வைத்தல் வேண்டும்.

ஆளைத் தேரக் குடம் வேண்டா. அதற்கு மக்கள் அறிவு போதும். வரிசையைத் தேரவே அக்குடம் இன்றும் வேண்டும்.