கையறுநிலையும் சீனத்து இரங்கற்பாவும்

ஏப்ரல் திங்கள் தொடக்கத்தில் சிங்மிங் நாள் வரும்பொழுது, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள சீனர் இடுகாடுகளில் புல் செதுக்கி, ஊதுவத்தி ஏற்றி, உணவு படைத்து நிற்கும் குடும்பங்களைக் காணாத தமிழர் இந்நாட்டில் இலர் எனலாம். அண்டை வீட்டாரின் இவ்வழிபாட்டை அறிந்த அளவிற்கு, அவர்தம் முன்னோர் இறந்தாரை எண்ணி எழுதிய இலக்கியத்தைத் தமிழர் அறிந்திலர். அதனைச் சங்கப் புலவரின் கையறுநிலைப் பாட்டோடு ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, இருமொழிப் புலவரும் ஒரே வினாவிற்கு வெவ்வேறு விடை கண்டமை புலப்படும். இரங்கற்பா யாரைப் பற்றியது? இறந்தவரைப் பற்றியதா, எஞ்சி நிற்பவரைப் பற்றியதா? இதுவே அவ்வினா.

கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் சீன இரங்கல் இலக்கியத்தின் வளமான காலம். அக்காலத்தார் சாவுக்குரிய எழுத்தைப் பல வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றற்கும் தனி இலக்கணம் கண்டனர். இறந்தாரின் குடிச்சிறப்பையும் நற்செயல்களையும் நிரல்படக் கூறுவது ‘லெய்’. இளமையில் மாய்ந்தார்க்கு இரங்குவது ‘ஐ’. முன்னாளில் மறைந்தாரை நினைந்து வருந்துவது ‘தியாவ்’. படையலின் முன் படிப்பது ‘ஜிவென்’. கல்லில் பொறிப்பது மற்றொரு வகை. கி.பி. 205இல் ட்சாவ் ட்சாவ் என்னும் தலைவன் ஆடம்பர அடக்கத்தையும் கல்லறையின்மேல் பெருங்கல் நாட்டுவதையும் தடை செய்தான். பின்னர்ப் புகழுரை மண்ணுக்கு அடியில், பிணப்பேழையின் அருகே வைக்கும் சிறு கல்லில் இடம்பெறலாயிற்று. தடை வந்தும் சொல் ஒழியவில்லை என்பது கருதத்தக்கது.

இவ்வகைகளை ஆராய்ந்து வரையறை செய்தவர், ஏறத்தாழ 500ஆம் ஆண்டில் ‘வென்சின் தியாவ்லோங்’ என்னும் ஐம்பது இயல் கொண்ட திறனாய்வு நூலை இயற்றிய லியூ சியே ஆவார். அந்நூலின் 12ஆம், 13ஆம் இயல்கள் இரங்கல் எழுத்துக்கே உரியவை. லெய் வகையைப் பற்றிக் கூறுமிடத்து அவர் பெரும் புலவர் ஒருவரையே குற்றம் சாட்டுகின்றார். ட்சாவ் ட்சாவின் மகனாகிய ட்சாவ் ஜி, தம் தமையனான பேரரசன் 226இல் மாய்ந்தபொழுது லெய் பாடினார். அதன் இறுதியில் நூறு சொல் அளவிற்குத் தம் துயரையே விரித்தார். இது வகையின் இயல்பினின்றும் மிகப் பிறழ்ந்தது என்பது லியூ சியேயின் தீர்ப்பு. லெய் இறந்தாருக்கு உரியது. எஞ்சியவர் அதில் இடம் கேட்டல் முறையன்று என்று அவர் கருதினார்.

தொல்காப்பியர் இதற்கு நேர்மாறான நெறியில் நிற்கின்றார். காஞ்சித் திணையின் துறைகளைக் கூறும் நூற்பாவில், மாய்ந்தாரைக் குறித்து எஞ்சியோர் வருந்திப் புலம்புவதே கையறுநிலை என வரையறுக்கின்றார். துறையின் பெயரும் இறந்தவரைச் சுட்டவில்லை. ‘கை’ என்பது செயல். அது அற்றுப்போன நிலை, எஞ்சியவரின் நிலை. மனைவியை இழந்தவனுக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவளுக்குத் தாபத நிலை என்றும் வேறு துறைகளை வகுத்தபோதும், அவர் இருப்பவரைக் கொண்டே பெயரிட்டார். லியூ சியே பிழை என்று விலக்கியதைத் தமிழ் இலக்கணம் துறையின் உயிராகவே கொண்டது.

புறநானூற்றுப் பாடல்கள் இதற்குச் சான்று. அதியமான் மார்பில் பாய்ந்த வேலை ஔவையார் பாடும் 235ஆம் பாட்டில், அவ்வேல் அவன் மார்போடு நிற்கவில்லை. பாணர் கையிலிருந்த உண்கலத்தையும், இரப்போர் கைகளையும், சுற்றத்தாரின் கண்மணியையும், புலவர் நாவையும் துளைத்துச் செல்கின்றது. பாட்டின் முற்பகுதி அதியமானின் கொடையை நிரல்படக் கூறுதலின், அது லெய் போன்றது. வேல் பாய்ந்த பின்னரே அது கையறுநிலை ஆகின்றது. குடவாயிற் கீரத்தனார் 242ஆம் பாட்டில் ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தனின் பெருமையை விரித்துரைக்கவில்லை. அவன் மாய்ந்த பின்னும் பூத்த முல்லையை வினவுகின்றார். இளைஞரும் மகளிரும் பாணனும் பாடினியும் அப்பூவைத் தொடாமல் நிற்கும் நிலையே அவன் பெருமைக்கு அளவு.

ஆயினும் சீனப் புலவர் எஞ்சியவர் துயரை மறந்தார் என முடிவு கட்டுதல் பொருந்தாது. லெய் அடைத்த கதவை அவர்கள் ‘ஷி’ என்னும் செய்யுளில் திறந்தனர். 300ஆம் ஆண்டில் கொலைத் தண்டனைக்கு ஆளாகி மாய்ந்த பான் யுவே, தம் மனைவிக்காகப் பாடிய மூன்று செய்யுட்களே இதற்குத் தலைசிறந்த சான்று. அவை, இளவரசர் சியாவ் தோங் 6ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘வென் சுவான்’ என்னும் பெருந்தொகையில் இடம்பெற்றன. ‘இறந்தாருக்கு வருந்தல்’ எனப் பொதுவாகப் பொருள்படும் அவற்றின் தலைப்பே, பின்னாளில் மனைவியை இழந்து வருந்துதலைக் குறிக்கும் சொல்லாயிற்று. தாவ் யுவான்மிங் என்னும் புலவரோ 427இல் மறையுமுன் தமக்குத் தாமே படையலுரை எழுதி, எஞ்சியவர் இடத்தையும் இறந்தவர் இடத்தையும் ஒருங்கே ஏற்றார்.

பான் யுவேயின் முதற்செய்யுளை, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் பெருங்கோப்பெண்டு இறந்தபொழுது பாடிய 245ஆம் புறப்பாட்டோடு ஒப்பிடுதல் தகும். சீனர் வழக்கில் மனைவிக்குத் துக்கம் காக்கும் காலம் ஓராண்டு. அவ்வாண்டு கழிந்து பருவங்கள் மாறிவிட்டன; பான் யுவே அரச கட்டளைக்கு அடங்கிப் பணிக்குத் திரும்ப வேண்டும். வீட்டைச் சுற்றி நோக்குகின்றார். அவள் எழுதிய மைத்தடமும் சுவரில் தொங்கும் பொருளும் அங்கேயே உள்ளன. கதவிடுக்கில் இளவேனிற் காற்று நுழைகின்றது. கூரை விளிம்பில் நீர் சொட்டுகின்றது. துணை பிரிந்த பறவையாகவும் மீனாகவும் தம்மை உணர்கின்றார். மனைவி இறந்தபின் கலத்தைத் தட்டிப் பாடிய ஞானி சுவாங்சியைப் போல ஒருநாள் ஆற்றியிருக்க இயலுமா என்று ஏங்குகின்றார்.

மாக்கோதையின் பாட்டு ஏழே அடிகள். அதில் வீடு இல்லை. கள்ளி படர்ந்த காடும் விறகடுக்கிய ஈமமும் மட்டும் உள. மனைவியின் பெயரில்லை, அவள் சிறப்பு ஒன்றேனும் கூறப்படவில்லை. துயர் எத்துணைப் பெரிதெனினும் அஃது உயிரைக் கொல்லும் வலிமையுடையதாக இல்லையே, அவ்வாறாயின் அதன் அளவுதான் என்ன என்று தன் துயரையே ஐயுறுகின்றான். அவளைத் தீயில் கிடத்திய பின்னும் வாழும் தன் இயல்பை எண்ணி வியந்து முடிக்கின்றான். பான் யுவே பொருள்களை எண்ணி எண்ணி அடையும் இடத்தை, சேரன் பொருள்களையெல்லாம் நீக்கி அடைகின்றான். ஒருவர் பணிக்குத் திரும்ப நாணுகின்றார். மற்றவன் மூச்சுவிடவே நாணுகின்றான். இருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சாவை அன்று, தம்மையே.

லியூ சியேயின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவையில் தன் துயரை விரிப்பவன், இறந்தாரைக் காட்டித் தனக்கு இரக்கம் தேடலாம். கையறுநிலைப் புலவர் அழுதது வள்ளலுக்காகவா, பரிசில் நின்றதற்காகவா என்ற வினா தமிழிலும் எழக்கூடியதே. அவ்வினாவிற்கு மாக்கோதையின் பாட்டு விடையாகும். அவன் இரவலன் அல்லன். அப்பாட்டினால் அவனுக்கு வரும் ஊதியம் ஒன்றுமில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு இந்நாட்டுத் தமிழ் இரங்கற்பாக்களை நோக்குதல் வேண்டும். தலைவர் மறைந்தால் எழும் சரமகவிகளும், நாளிதழ்களில் நிழற்படத்தோடு வரும் நினைவஞ்சலி வரிகளும், யாழ்ப்பாணத் தமிழர் ‘கல்வெட்டு’ எனப் பெயரிட்டு அச்சிடும் நினைவு நூல்களும் பெரும்பாலும் லெய் வகையைச் சார்ந்தவை. குடி, பிறப்பு, பதவி, பண்பு என நிரல் அமையும். எஞ்சியவர் அடியில் ‘குடும்பத்தார்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றார். பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்தும் பாட்டு இரங்கற்பா ஆகாது.

லெய் பாடவே இயலாதவர் பலர் இந்நாட்டு வரலாற்றில் உளர் என்பது இதனினும் பெரிய செய்தி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உள. மாண்ட தொழிலாளர் தொகை கைதிகளினும் பன்மடங்கு என்பது மதிப்பீடு. அவருள் பெரும்பாலார்க்குப் பெயரும் எஞ்சவில்லை, குழியும் தெரியவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அவர்க்கு உரைநடையில் எழுந்த இரங்கல்கள். 2023இல் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்றும் எழுந்தது.

செயல் அறியப்படாதார்க்கு லெய் இல்லை, கையறுநிலை உண்டு. அதற்கு இறந்தார் வரலாறு வேண்டுவதில்லை. எஞ்சியவர் ஒருவர் போதும். திரும்பி வாராத கணவனையும் மகனையும் எண்ணித் தோட்டத்துப் பெண்டிர் வைத்த ஒப்பாரி அவ்வகையினதே. அஃது ஏட்டில் ஏறாதது, பாடினாரோடு மறைவது. வகுப்பில் 245ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், துறைப்பெயரை மனப்பாடம் செய்வித்தலோடு நில்லாது, மாணவர்தம் இல்லத்து மூதாட்டியரிடம் எஞ்சியுள்ள ஒப்பாரியை எழுதிவரச் செய்தல் நன்று. சீனர் தம் துயரை மண்ணுக்கு அடியிலும் எழுதி வைத்தனர். தமிழர்தம் துயரில் ஒரு பகுதி இன்னும் காற்றிலேயே உள்ளது.